கையில வச்சு ஆடுத கேம் மெஷின வீட்டு டிவில மாட்டுதது எப்படி

கேபிள் வாங்கணும்னு ஜங்ஷனுக்கு வண்டிய எடுத்துட்டுக் கெளம்புததுக்கு முன்னாடி ஒரு நிமிசம், கையில இருக்க மெஷினத் திருப்பிப் போட்டு என்ன மாடல்னு பாருங்க. டிவிக்குப் படம் அனுப்புத மெஷினும் இருக்கு, அனுப்பவே முடியாத மெஷினும் இருக்கு, வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு போலதான் தெரியும், ரெண்டுலயும் அதே டைப் சி ஓட்டைதான்.

எங்க அக்கா வீட்டுல இதுதான் நடந்துச்சு. அத்தான் துபாய்ல இருந்து லீவுக்கு வந்தப்ப பிள்ளைகளுக்கு நிண்டெண்டோ ஸ்விட்ச் லைட் வாங்கிட்டு வந்தாரு. மூணு பிள்ளைய, ஒரே மெஷினு, ஸ்க்ரீனு 5.5 இஞ்ச். பட்டாசல்ல பெரியவன் மடியில வச்சு ஆட, நடுவுலவன் அவன் தோள்ல தாடைய வச்சுக்கிட்டு நிக்க, சின்னவ எட்டி எட்டிப் பாத்து கழுத்து வலிக்குன்னு ஒரே அழுகை. பெரியவன்தான் "மாமா, இத டிவில போட முடியுமா"ன்னு கேட்டான், "போட்டுருவோம்ல மருமவனே"ன்னு நானும் சொல்லிட்டு ஆன்லைன்ல டைப் சி டாக் (மெஷின டிவியோட சேக்குத ஸ்டாண்டு) ஒண்ணும் ஹெச்டிஎம்ஐ கேபிள் ஒண்ணும் வாங்கி மாட்டுனா, சார்ஜ் ஏறுது, படம் வரல. கேபிள மாத்துனேன், பக்கத்து வீட்டு டிவிக்குத் தூக்கிட்டுப் போயும் பாத்தாச்சு, ரெண்டு நாள் அதே சோலியா இருந்து பொறவுதான் தெரிஞ்சுது லைட்ல டிவிக்குப் படம் அனுப்புத வசதியே உள்ள கெடையாதுன்னு. அந்தப் பிள்ள முகம் வாடுனது இன்னும் கண்ணுல நிக்கு, அதுல இருந்து யாரு கேட்டாலும் நான் முதல்ல மாடலத்தான் கேக்கேன்.

டைப் சி ஓட்டையில படம் வெளிய வரணும்னா அதுக்குப் பின்னாடி டிஸ்ப்ளே போர்ட் ஆல்ட் மோடுன்னு ஒண்ணு இருக்கணும், அது மெஷினு போர்டுலயே வச்சு வாரது, வெளிய இருந்து எந்தக் கன்வெர்ட்டர மாட்டுனாலும் வராது. கடையில "எல்லாத்துக்கும் எடுக்கும்"னு சொல்லிக் குடுப்பாங்க, அத நம்பி வாங்காதீங்க.

சரி, எது எது எடுக்கும்? நிண்டெண்டோ ஸ்விட்ச்ல 2017ல வந்த முதல் மாடல், 2021ல வந்த ஓலெட் மாடல், 2025 ஜூன்ல வந்த ஸ்விட்ச் 2, இந்த மூணும் டிவிக்குப் போகும். 2019ல வந்த லைட் மட்டும் போகாது. லைட்ட அடையாளம் கண்டுபிடிக்கது ரொம்ப லேசு, ரெண்டு பக்கமும் இருக்க கண்ட்ரோலர் கழண்டு வராது, உடம்போட சேந்தே இருக்கும். ஸ்டீம் டெக்குல எல்சிடி, ஓலெட் ரெண்டும் போகும். ஆசுஸ் ராக் அலை, லெனோவோ லீஜியன் கோ மாதிரி விண்டோஸ் மெஷினெல்லாம் போகும். பிளேஸ்டேஷன் போர்ட்டல் போகாது, அது வைஃபை வழியா படத்த வாங்கிக் காட்டுத மெஷினு, வெளிய அனுப்பத் தெரியாது. பிஎஸ் வீட்டா, நிண்டெண்டோ டிஎஸ், 3டிஎஸ் எதுலயும் டிவி அவுட் கெடையாது. பழைய பிஎஸ்பி வச்சிருக்கவங்களுக்கும், பஜார்ல விக்குத 400 கேம் உள்ள சின்ன டப்பா வச்சிருக்கவங்களுக்கும் தனியா கீழ சொல்லுதேன், ஏன்னா நம்ம பக்கம் பிள்ளைய கையில அதிகம் இருக்கது அதுதான்.

ஸ்விட்ச்ல இருந்து ஆரம்பிப்போம். டாக்னு ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்டு பெட்டியோடயே வந்திருக்கும். அதோட பின்பக்கம் ஒரு மூடி, வெரல விட்டு இழுத்தா கதவு மாதிரி தெறக்கும். உள்ள மேல சார்ஜருக்கு ஒரு ஓட்டை, அதுக்குக் கீழ யூஎஸ்பி, அதுக்கும் கீழ ஹெச்டிஎம்ஐ. (ஓலெட் டாக்குல யூஎஸ்பிக்குப் பதிலா லேன் கேபிள் ஓட்டை இருக்கும்.) முதல்ல சார்ஜர டாக்குல மாட்டி செவுத்துல போடணும், அதுக்குப் பொறவுதான் ஹெச்டிஎம்ஐ. ஒரு முனை டாக்குல, இன்னொரு முனை டிவில. ஒயர ரெண்டையும் பக்கத்துல இருக்க சின்ன வெட்டு வழியா வெளிய விட்டு மூடிய மூடிருங்க. இப்ப மெஷின எடுத்து, ஸ்க்ரீனு டாக்கோட முன்பக்கத்தப் பாத்த மாதிரி, நேரா மேல இருந்து பைய எறக்குங்க. சாச்சு எறக்கக் கூடாது, அமுக்கவும் கூடாது. அடியில டைப் சி முள்ளு ஒண்ணு நிக்கும், அதுல போய் ஒக்காருதது கைக்குத் தெரியும், கொஞ்சூண்டு தடுத்து அப்புறம் உள்ள போயிரும். மெஷினு ஸ்க்ரீனு அணஞ்சு, டாக்கு முன்னாடி கீழ ஒரு சின்ன பச்சை லைட்டு எரியும். அந்தப் பச்சை எரிஞ்சா மெஷினு பக்கம் சோலி முடிஞ்சுது, படம் வரலன்னா டிவி பக்கம் பாக்கணும். பச்சை எரியலன்னா டிவிய நோண்டுததுல பிரயோசனமே இல்ல, டாக், சார்ஜர், மெஷினு இந்த மூணுல ஒண்ணுதான்.

இங்க சார்ஜர் விசயத்த நல்லா மனசுல வாங்கிக்கோங்க. எங்கிட்ட "படம் வரல"ன்னு கொண்டு வந்தவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு கேபிள் நல்லாத்தான் இருந்துச்சு, கரண்ட்டுதான் பத்தல. ஸ்விட்ச் டிவிக்குப் படம் அனுப்பணும்னா 15 வோல்ட் கேக்கும், அதோட வாரது 15 வோல்ட் 2.6 ஆம்ப், அதாவது 39 வாட் சார்ஜர். நாம போன் சார்ஜர மாட்டுனா பேட்டரி ஏறும், கையில வச்சு ஆடலாம், ஆனா டாக் முழிக்காது. 20 வாட் போன் சார்ஜர்ல பெரும்பாலும் 9 வோல்ட்டோட நின்னு போகும், அதான் காரணம். ஒரிஜினல் தொலைஞ்சு போச்சு, வேற வாங்கணும்னா சார்ஜர் மேல பொடி எழுத்துல அவுட்புட்னு போட்டிருக்க இடத்துல 15 வோல்ட் இருக்கான்னு பாருங்க, 5, 9, 12ன்னு மட்டும் இருந்தா வச்சுட்டு வந்துருங்க. ஸ்விட்ச் 2க்கு இதுவும் பத்தாது, அதுக்கு 60 வாட் சார்ஜர் தனியா வருது, பழைய ஸ்விட்ச்சோட சார்ஜர போட்டா டிவில வராது, பழைய டாக்குலயும் எடுக்காது. வீட்டுல அண்ணன்கிட்ட பழசு, தம்பிகிட்ட புதுசுன்னு இருந்தா டாக்கையும் சார்ஜரையும் மாத்திப் போடாம பெயிண்ட்டாலயோ டேப்பாலயோ ஒரு அடையாளம் போட்டு வச்சிருங்க.

வெளிநாட்டுல இருந்து வந்த மெஷினு தான் நம்ம ஊர்ல அதிகம். துபாய், சவுதில இருந்து வந்துச்சுன்னா பிளக்கு பட்டையான மூணு காலு, நம்ம செவுத்துல போகாது. அமெரிக்கா, ஜப்பான்ல இருந்து வந்தா தட்டையான ரெண்டு காலு. ஸ்விட்ச் சார்ஜர் 100ல இருந்து 240 வோல்ட் வரைக்கும் தாங்கும், அதனால ட்ரான்ஸ்ஃபார்மர் ஒண்ணும் வேண்டாம், கன்வெர்ஷன் பிளக்கு மட்டும் போதும். ஆனா அந்தப் பிளக்கு லொட லொடன்னு ஆடாம இறுக்கமா இருக்கணும். ஆடுனா உள்ள பொறி தட்டும், கருகும், மெஷினுக்கு கரண்ட்டு விட்டு விட்டுப் போகும், ஆட்டத்துக்கு நடுவுல டிவில படம் போய்ப் போய் வாரதுக்கு பாதி காரணம் இதுதான். தீக்குச்சியச் சொருகி நிறுத்துத பழக்கம் நம்ம வீடுகள்ல உண்டு, பிள்ளைய கை வைக்கத எடத்துல அது வேண்டவே வேண்டாம்.

இன்னொண்ணு, பழைய வளவு வீடுகள்ல எர்த் ஒழுங்கா இருக்காது. டிவிக்குப் பின்னாடி இரும்பத் தொட்டா சுர்ருன்னு ஒரு ஷாக் அடிக்கும் பாத்திருப்பீங்க. அந்த மாதிரி வீட்டுல டிவியும் டாக்கும் ஓடிக்கிட்டு இருக்கப்ப ஹெச்டிஎம்ஐய சொருகாதீங்க, சொருகுத நேரத்துல அந்தக் கசிவு கரண்ட்டு கேபிள் வழியா ஓடி டிவி போர்ட்டையோ மெஷினு போர்ட்டையோ கெடுத்துரும். ரெண்டையும் செவுத்துல ஆஃப் பண்ணி, கேபிள் ரெண்டு முனையையும் சொருகிட்டு, பொறவு ஆன் பண்ணுங்க. எலக்ட்ரீசியனக் கூப்பிட்டு எர்த்த ஒரு தடவ பாத்துக்கிட்டா வாசிங் மெஷினுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் கூட நல்லது.

டாக் தொலைஞ்சோ ஒடைஞ்சோ போனவங்க வெளி டாக் வாங்குததப் பத்தி என் அபிப்பிராயம், முதல் ஸ்விட்ச்சுக்கு ரொம்ப விலை கொறஞ்சது வாங்காதீங்க. 2018 மார்ச்ல 5.0ன்னு ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் வந்த பொறவு வெளி டாக்குல மாட்டுன ஸ்விட்ச் செத்துப் போச்சுன்னு உலகம் முழுக்க நெறையப் பேரு சொன்னாங்க. டைப் சில எவ்வளவு வோல்ட் குடுக்கணும்னு மெஷினும் டாக்கும் பேசிக்கிடுத முறை ஒண்ணு இருக்கு, அத ஒழுங்கா பேசத் தெரியாத டாக் வந்தா தப்பான கரண்ட்டு உள்ள போயிரும். 800 ரூபாய மிச்சம் பிடிக்கப் போயி மெஷினையே இழக்கக் கூடாது. பழைய ஒரிஜினல் டாக் கெடைச்சா அதுவே மேல்.

ஸ்டீம் டெக்குக்கு இந்தக் கவலை கொறவு. டைப் சி ஹப்பு, அதுல ஹெச்டிஎம்ஐயும் சார்ஜ் போடுத டைப் சி ஓட்டையும் (அதுல பிடின்னு போட்டிருக்கும்) இருந்தாப் போதும், லேப்டாப்புக்கு வாங்குத ஹப்பே எடுக்கும். அதோட வந்த 45 வாட் சார்ஜர ஹப்புல மாட்டி, ஹப்ப மெஷினுல மாட்டி, ஹெச்டிஎம்ஐய டிவிக்குக் குடுத்தா படம் வந்துரும். ஆனா நெறையப் பேரு "படம் மங்கலா இருக்கு"ன்னு சொல்லுவாங்க. மெஷினு ஸ்க்ரீனு 1280க்கு 800 புள்ளி, கேமு அதே அளவுலதான் ஓடிக்கிட்டு இருக்கும், அத பெரிய டிவில இழுத்துக் காட்டுனா மங்கத்தான் செய்யும். அந்தக் கேமோட ப்ராப்பர்ட்டீஸ்ல போயி கேம் ரெசல்யூஷன்னு இருக்கும், அத நேட்டிவ்னு மாத்தி, பொறவு கேமுக்குள்ள போயி செட்டிங்ஸ்ல 1920க்கு 1080 வைங்க. 4கே டிவின்னு 4கேக்குப் போகாதீங்க, மெஷினு திணறும், படம் வெட்டி வெட்டி வரும். ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை வந்தா பயப்படாதீங்க, அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள கணக்கு மெஷினுல 16க்கு 10, டிவில 16க்கு 9, அதனால சில கேம்ல அப்படி வரும்.

விண்டோஸ் மெஷினுன்னா ஹப்ப மாட்டுன ஒடனே ரெண்டு ஸ்க்ரீனுலயும் படம் தெரியும், டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல போயி ஷோ ஒன்லி ஆன் 2ன்னு மாத்திருங்க, மெஷினுக்கு பாரம் கொறையும். சத்தம் இன்னும் மெஷினுலயே வந்துச்சுன்னா ஸ்பீக்கர் அடையாளத்த அமுக்கி டிவி பேரத் தேர்ந்தெடுங்க. இதுகளுக்கு சார்ஜர் 65 வாட் மாதிரி பெருசா வேணும், ஹப்பு கொஞ்சம் கரண்ட்ட தனக்குன்னு எடுத்துக்கிடும்.

பஜார்ல விக்குத சின்ன டப்பாவுக்கு வருவோம். பாக்க பழைய கேம்பாய் மாதிரி, 400 கேம்னு எழுதியிருக்கும், பின்னாடி மூடியத் தெறந்தா பழைய நோக்கியா போன்ல போடுத பிஎல் 5சி பேட்டரி இருக்கும். டவுண் தேரோட்டத்துக்குப் போயிட்டு வாரப்ப பிள்ளைகளுக்கு வாங்கிக் குடுக்கோம்லா, அதுதான். பெட்டிக்குள்ள ஒரு கேபிள் சுருட்டி வச்சிருக்கும், ஒரு முனையில இயர்போன் பின்னு மாதிரி, மறு முனையில மஞ்சளும் வெள்ளையும், சிலதுல செவப்பும். பின்ன டப்பால ஏவி அவுட்ல சொருகி, மஞ்சள டிவில மஞ்சள் ஓட்டையிலயும் வெள்ளைய வெள்ளையிலயும் மாட்டி, டிவில சோர்ஸ அமுக்கி ஏவின்னு வைங்க. மஞ்சள் படம், மத்தது சத்தம், அவ்வளவுதான்.

இதுல மூணு எடத்துல சிக்கும். ஒண்ணு, கேபிள் தொலைஞ்சு போயி கடையில வேற வாங்கிட்டு வந்தா படத்துக்குப் பதிலா கர்ருன்னு சத்தம் மட்டும் வரும். அந்த இயர்போன் பின்னுல கறுப்பு வளையத்துக்கு நடுவுல இருக்க கம்பி வரிசை கேபிளுக்குக் கேபிள் மாறும், அதனால மஞ்சள்ல வர வேண்டிய படம் செவப்புலயோ வெள்ளையிலயோ வந்துக்கிட்டு இருக்கும். கேபிள தூக்கிப் போட்டுராதீங்க, செவப்ப எடுத்து டிவி மஞ்சள்ல சொருகிப் பாருங்க, அப்புறம் வெள்ளைய. பெரும்பாலும் ஒண்ணுல பிடிச்சுக்கிடும். ரெண்டாவது, படம் வருது ஆனா கருப்பு வெள்ளையா இருக்கு, இல்லன்னா மேல மேல ஓடுது. டிவிக்குக் கலர் படம் அனுப்புததுக்கு நம்ம நாட்டுல பால் (PAL) சிஸ்டம், டப்பா அமெரிக்கா, ஜப்பான் கணக்குல என்டிஎஸ்சிங்குத (NTSC) சிஸ்டத்துல அனுப்பும். டிவி மெனுல கலர் சிஸ்டம்னு இருக்கும், அத ஆட்டோன்னு வைங்க, சரியாயிரும். மூணாவது, புது எல்இடி டிவில மஞ்சள் ஓட்டையே இருக்காது. தேடிப் பாத்தா ஏவி இன்னு ஒரு சின்ன உருண்டை ஓட்டை இருக்கும், அதுக்கு ஒரு பொடி ஒயரு டிவி வாங்குன பெட்டிக்குள்ளயே வந்திருக்கும், யாரும் எடுத்து வச்சிருக்க மாட்டாங்க. பரண்ல டிவி பெட்டி கெடந்தா எறக்கி தெர்மோகோல் இடுக்குல பாருங்க, எங்க வீட்டுல அஞ்சு வருசம் கழிச்சு அங்கதான் கெடைச்சுது.

பிஎஸ்பின்னா 2004ல வந்த முதல் மாடலுக்கு, அதாவது 1000க்கு டிவி அவுட் இல்ல. 2000, 3000 ரெண்டுக்கும் உண்டு, கேபிள் தனியா வாங்கணும். 3000ல மஞ்சள் கேபிள்லயே கேமு வரும். 2000ல மஞ்சள்ல மெனுவும் பாட்டும் படமும்தான் வரும், கேமு வரணும்னா செவப்பு, பச்சை, நீலம் உள்ள காம்போனன்ட் கேபிள் வேணும், டிவிலயும் அந்த மூணு ஓட்டை இருக்கணும். மாட்டிட்டு மெஷினுல ஸ்க்ரீனு வெளிச்சம் மாத்துத பட்டன அஞ்சு செகண்டுக்கு மேல அமுக்கிப் பிடிச்சா படம் டிவிக்குத் தாவும். கேமு டிவில நடுவுல சின்னதா, சுத்தி கருப்பா வரும், டிவி ரிமோட்ல ஜூம் பண்ணிக்கோங்க.

இதுக்கு நேர் மாறா சில வீட்டுல மெஷினு புதுசு, டிவி பழசு. கவர்மெண்ட்டு குடுத்த 14 இஞ்ச் டிவி இன்னும் ஓடுத வீடு நம்ம பக்கம் உண்டு, அதுல ஹெச்டிஎம்ஐ ஏது. அதுக்கு ஹெச்டிஎம்ஐ டூ ஏவின்னு தீப்பெட்டி கணக்கா ஒரு வெள்ளை டப்பா கெடைக்கும். கடையில கேக்கப்ப "ஹெச்டிஎம்ஐல இருந்து ஏவிக்கு"ன்னு திருத்தமா சொல்லிக் கேளுங்க, இதே மாதிரி இருக்க இன்னொரு டப்பா ஏவில இருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாத்துதது, தலைகீழா மாட்டுனா வேலை செய்யாது. டப்பாவுக்கு 5 வோல்ட் கரண்ட்டு யூஎஸ்பி வழியா குடுக்கணும், போன் சார்ஜர் போதும். பக்கத்துல ஒரு பொடி சுவிட்சு, பாலா என்டிஎஸ்சியான்னு தள்ளுதது, படம் ஓடுனா அத மறுபக்கம் தள்ளிப் பாருங்க. எழுத்தெல்லாம் படிக்க முடியாத அளவுக்கு மங்கலாத்தான் வரும், கதை படிச்சு ஆடுத கேமுக்கு ஆகாது, கார் ரேசு, பந்து விளையாட்டுக்குப் போதும். ஒரு நல்லது என்னன்னா அந்தக் குண்டு டிவில பட்டன அமுக்குன ஒடனே படம் அசையும், டிவி தாமதமே கெடையாது.

புது டிவில அந்தத் தாமதம்தான் பெரிய பிரச்சினை. பிள்ள "மாமா, நான் குதிக்கச் சொன்னா அது பள்ளத்துல விழுந்த பொறவு குதிக்கு"ன்னு சொல்லுவான், நாம அவனுக்கு ஆடத் தெரியலன்னு நெனச்சுருவோம். அவன் சொல்லுதது நெசம். டிவி ஒவ்வொரு படத்தையும் வாங்கி, மினுக்கி, கிரிக்கெட்டுல பந்து வழுக்கிக்கிட்டுப் போற மாதிரி நடுவுல புதுப் படத்தச் சேத்துக் காட்டும், அந்த வேலைக்கு நேரம் எடுக்கும். டிவி பிக்சர் செட்டிங்ஸ்ல கேம் மோடுன்னு இருக்கும், அத ஆன் பண்ணுனா அந்த மினுக்கு வேலையெல்லாம் நின்னு போயி தாமதம் கொறையும். எல்ஜில கேம் ஆப்டிமைசர்னு இருக்கும், சாம்சங்ல எக்ஸ்டர்னல் டிவைஸ் மேனேஜருக்குள்ள இருக்கும், சின்னக் கம்பெனி டிவில பிக்சர் மோட மாத்திக்கிட்டே போனா ஸ்டாண்டர்டு, விவிட்னு வந்து கேம்னு ஒண்ணு வரும். மெஷினு மாட்டியிருக்க அதே ஹெச்டிஎம்ஐல இருக்கப்பதான் மாத்தணும், டிவி ஒவ்வொரு ஓட்டைக்கும் தனித்தனியா ஞாபகம் வச்சுக்கிடும், கேபிள் டிவிக்கு பழைய மோடே இருக்கட்டும். இந்த ஒரு மாத்தத்த பண்ணிக் குடுத்தீங்கன்னா பிள்ள முகத்துல தெரியுத சந்தோசம் தனி.

ஓரத்துல ஸ்கோரும் உயிரும் காட்டுத எழுத்து வெட்டுப்பட்டுத் தெரிஞ்சா டிவில பிக்சர் சைஸ்ல போயி ஜஸ்ட் ஸ்கேன், ஸ்க்ரீன் ஃபிட், 1:1 இதுல எது இருக்கோ அத வைங்க. 32 இஞ்ச் டிவி நெறைய 1366க்கு 768 தான், அதுல 1080 அனுப்பி எழுத்து கரகரன்னு இருந்தா ஸ்விட்ச்ல சிஸ்டம் செட்டிங்ஸ், டிவி செட்டிங்ஸ்ல போயி 720ன்னு மாத்திப் பாருங்க, சில டிவில அதுதான் கண்ணுக்கு நல்லா இருக்கு.

எல்லாம் சரியா மாட்டியும் நோ சிக்னல்னு நின்னா, நான் பாக்குத வரிசை இதுதான். டிவில வேற ஹெச்டிஎம்ஐ ஓட்டை. வேற கேபிள், செட்டாப் பாக்ஸ்ல நல்லா ஓடிக்கிட்டு இருக்க கேபிள எடுத்து மாட்டுனா சந்தேகம் தீந்துரும். அப்புறம் சார்ஜர செவுத்துல இருந்தும் டாக்குல இருந்தும் ரெண்டு முனையும் கழட்டி அர நிமிசம் சும்மா வச்சுட்டு மறுபடி மாட்டுதது. ஸ்விட்ச் சார்ஜர் கரண்ட்டு ஏறி எறங்குனா தன்னைத் தானே பூட்டிக்கிடும், இப்படிக் கழட்டி வச்சாத்தான் தெளியும், கரண்ட்டு போயிட்டு வந்த அன்னைக்கு பச்சை லைட்டு எரியலன்னா முதல்ல இதத்தான் செய்யணும். அதுக்கும் வரலன்னா மெஷினு பவர் பட்டன 12 செகண்டு அமுக்கிப் பிடிச்சு முழுசா அணைச்சு மறுபடி போடுங்க. டைப் சி ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சும் பாருங்க. ஆனி ஆடிக் காத்துல இந்தப் பக்கம் புழுதி வீட்டுக்குள்ள வந்து குமிஞ்சிருக்கும், பிள்ளைய சட்டைப் பையில போட்டு எடுத்துட்டுப் போற பஞ்சும் சேந்து ஓட்டை அடியில மெத்தை மாதிரி அடைஞ்சிருக்கும். மெஷின அணைச்சுட்டு மரப் பல்குச்சியால பைய எடுங்க, ஊக்கு, குண்டூசி போடாதீங்க.

எங்க வைக்கதுங்குததும் முக்கியம். டிவிக்குக் கீழ கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ்ல டாக்க வச்சு கதவ சாத்துத வீடு நெறைய பாக்கேன். சித்திரை வைகாசில பாளையங்கோட்டை வெயிலு வீட்டுக்குள்ளயே கொதிக்கும், நிண்டெண்டோக்காரங்க ஸ்விட்ச்ச 35 டிகிரிக்கு மேல சூடான எடத்துல ஆட வேண்டாம்னு சொல்லியிருக்காங்க, நம்ம ஊர்ல கத்திரில மதியம் அதத் தாண்டுதது சாதாரணம். டிவில ஆடுதப்ப மெஷினு கையில ஆடுதத விட அதிகமா ஒழைக்கும், மேல இருக்க வாய் வழியாத்தான் சூட்ட வெளிய தள்ளும். அத தெறந்த எடத்துல, ஃபேன் காத்து படுத மாதிரி வைங்க, பூத்துணி எதுவும் மேல போத்தாதீங்க. மதியம் 12ல இருந்து 4 வரைக்கும் விட்டுட்டு சாயந்தரம் ஆடச் சொல்லுங்க.

ஐப்பசி கார்த்திகைல இடி இடிக்கப்ப சுவிட்ச அணைச்சா மட்டும் பத்தாது, ஹெச்டிஎம்ஐயையும் கழட்டிருங்க. மின்னல் கரண்ட்டு லைன்ல மட்டுமா வருது, மொட்டமாடி டிஷ்ல இருந்து, தெருவுல வார கேபிள் ஒயர்ல இருந்து செட்டாப் பாக்ஸ் வழியா டிவிக்குள்ள வந்து, டிவில இருந்து ஹெச்டிஎம்ஐ வழியா மெஷினுக்குள்ளயும் போயிரும். எங்க தெருவுல ஒரே ராத்திரில நாலு வீட்டுல ஹெச்டிஎம்ஐ போர்ட்டு போச்சு, டிவி ஓடுது, அந்த ஓட்டை மட்டும் செத்துப் போச்சு.

கடைசியா செட்டாப் பாக்ஸ். மஞ்சள் ஓட்டை ஒண்ணுதான் இருக்குன்னு அரசு கேபிள் பாக்ஸ் ஒயர உருவிட்டு கேம் டப்பாவ மாட்டி, திரும்ப மாட்டத் தெரியாம ஆச்சிக்கு சீரியல் போயிருது. பாக்ஸ்ல ஹெச்டிஎம்ஐ இருந்தா பாக்ஸ ஹெச்டிஎம்ஐ 1க்கு மாத்தி மஞ்சள பிள்ளைகளுக்கு விட்டுருங்க. ஸ்விட்ச் மாட்டியிருந்தா இன்னொண்ணும் உண்டு, யாராவது தெரியாம கண்ட்ரோலர்ல ஹோம் பட்டன அமுக்குனாப் போதும், டிவி தானா கேமுக்குத் தாவிரும், சீரியல்ல முக்கியமான எடத்துல. சாம்சங்ல எனிநெட் பிளஸ், எல்ஜில சிம்ப்ளிங்க், சோனில பிராவியா சிங்க்னு பேரு, டிவி செட்டிங்ஸ்ல அத அணைச்சு வச்சா தாவாது. ஆடி முடிச்சதும் மெஷின நேரா மேல தூக்கி எடுத்துட்டு, ரிமோட்ல சோர்ஸ பழையபடி செட்டாப் பாக்ஸ்ல வச்சு, சேனல் வருதான்னு பாத்துட்டு, ரிமோட்ட ஆச்சி கையில குடுத்துட்டுப் போகச் சொல்லி பிள்ளைகளப் பழக்குங்க. எங்க அக்கா வீட்டுல இப்ப அத சின்னவதான் செய்யுதா.